ட்ரூடிஸின் கண்ணீர் யாருக்குச் சொந்தம்?

பிலிப்பைன்ஸில் ஒரு சிறுமி திரையில் பேர் வாங்க வேண்டுமானால் அவளுக்கு முதலில் அழத் தெரிய வேண்டும். ஆடத் தெரிந்தால் நல்லது. பாடத் தெரிந்தால் இன்னும் நல்லது. ஆனால் அழ வராவிட்டால் மற்றவை எதுவும் கைகொடுக்காது. இயக்குநர் சொன்ன நொடியில் கண்ணில் நீர் திரள வேண்டும். அது கன்னத்தில் வழிய வேண்டும், வசனமும் குழறக் கூடாது. அந்த நாட்டின் சினிமாவும், பின்னால் வந்த தொலைக்காட்சித் தொடர்களும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரு திறமையை நம்பிப் பெரும் பணம் பார்த்திருக்கின்றன. அந்தக் கண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியோ வெகு காலம் கழித்துத்தான் கேட்கப்பட்டது. இன்றும் அதை அரைமனதோடுதான் கேட்கிறார்கள் என்பது என் எண்ணம்.

குழந்தையின் அழுகைக்கு என்ன விலை உண்டு என்பது 1951-லேயே தெரிந்துவிட்டது. பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்றான சம்பகீத்தா பிக்சர்ஸ், தீ விபத்தில் பெரும் நட்டப்பட்டுத் தள்ளாடிய நேரம் அது. அப்போது வந்த ‘ரொபெர்த்தா’ வசூலைக் கொட்டி நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. அதில் ரொபெர்த்தாவாக வந்தவர் டெஸ்ஸி அகானா என்ற சின்னஞ்சிறு பெண். கதை, மார்ஸ் ரவேலோ எழுதிய காமிக்ஸ். குழந்தையை வதைக்கும் கொடுமைக்காரியாக வந்தவர் பெல்லா ஃப்ளோரஸ். அடிக்க ஒருத்தி, அடிவாங்கி அழ ஒரு பிள்ளை, அதைப் பார்த்துத் தானும் அழக் கொட்டகை நிறைய ஜனம். அன்று விழுந்த இந்த அச்சு இன்றுவரை உடையவில்லை.

சம்பகீத்தா என்பது வேறொன்றுமில்லை, நம் குண்டுமல்லிதான். பிலிப்பைன்ஸின் தேசிய மலர். மணிலாவின் தேவாலய வாசல்களிலும் சிக்னல்களிலும் அந்தப் பூச்சரத்தைக் கையில் ஏந்தி விற்பவர்களில் பலர் சிறுவர் சிறுமியர். அந்தக் குழந்தைகளைப் பார்த்தால் குழந்தை உழைப்பு என்று நெஞ்சு பதறுகிறது. அதே பூவின் பெயர் கொண்ட ஸ்டூடியோவுக்குள் உழைத்த குழந்தைக்கு நட்சத்திரம் என்று பெயர் வைத்துக் கைதட்டினார்கள். இரண்டு குழந்தைகளும் வீட்டுக்குப் பணம் கொண்டுபோனவர்கள்தான்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1963-ல், அதே ஸ்டூடியோ அதே ரவேலோவின் இன்னொரு காமிக்ஸை எடுத்தது. கொடுமைக்காரியும் அதே பெல்லா ஃப்ளோரஸ்தான். படத்தின் பெயர் ‘ட்ரூடிஸ் லீத்’. லீத் என்றால் சின்னவள், குட்டி. குட்டி ட்ரூடிஸைத் தேடி ஸ்டூடியோவில் சிறுமிகளை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அங்கே வேறொரு படத்தின் தேர்வுக்காக வந்த ஒன்பது வயதுப் பெண் தவறுதலாக இந்த வரிசையில் சேர்ந்துகொண்டாள் என்பது அந்நாட்டுத் திரையுலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. நடிக்கச் சொன்னார்கள், அழுதாள், ட்ரூடிஸ் ஆனாள். அவள் வில்மா சாண்டோஸ். அந்த ஒரு படத்துக்கே ஃபாமாஸ் அமைப்பின் சிறந்த குழந்தை நடிகை விருது அவளுக்குக் கிடைத்தது.

அன்றைய சட்டம் என்ன சொன்னது என்று பார்க்க வேண்டும். 1950-ல் நடைமுறைக்கு வந்த பிலிப்பைன்ஸ் சிவில் சட்டத்தின்படி, வயதுக்கு வராத பிள்ளை தன் உழைப்பால் ஈட்டும் சொத்து அந்தப் பிள்ளைக்கே உரிமையானது. ஆனால் அதன் பலனை அனுபவிக்கும் உரிமை, பிள்ளை யாரோடு வாழ்கிறதோ அந்தத் தந்தைக்கோ தாய்க்கோ உரியது. மரம் பிள்ளையுடையது, பழம் பெற்றவருடையது. வயது வருவதோ அப்போது 21-ல். ஒன்பது வயதில் வேலைக்கு வந்த ஒரு சிறுமிக்கு, தன் சம்பளத்தில் தனக்கென்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெசோ கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வில்மாவின் பெற்றோர் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது இங்கே விஷயமே இல்லை. எந்தப் பெற்றோரும் எப்படியும் நடந்துகொள்ள அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது, அதுதான் விஷயம்.

அதற்குப் பின் அவர் கடந்துவந்த தூரம் அபாரமானது. 1964-ல் ‘கிங்’ என்ற படத்தில், தெருவில் பிழைப்பு நடத்தும் சிறுமியாக, திறமையைக் கண்டு பெரியவர்கள் ஆதாயம் தேடும் பிள்ளையாக நடித்தார். பிறகு பதின்வயதில் எட்கர் மோர்ட்டிஸோடு காதல் ஜோடி. எதிரே நோரா ஆனோர். இரிகா ரயில் நிலையத்தில் தண்ணீர் விற்றுப் பாட்டுப் போட்டியில் ஜெயித்து வந்த பெண் அவர். இரு நடிகைகளின் ரசிகர்களும் ஊரையே இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். நோராவைப் பார்த்துத்தான், மாநிறமும் குட்டை உருவமும் கொண்ட பெண்ணும் நாயகியாகலாம் என்று அந்த நாட்டு ஏழைப் பெண்கள் நம்பத் தொடங்கினார்கள்.  

குழந்தை நட்சத்திரம் வளர்வதை ரசிகர்கள் எளிதில் பொறுப்பதில்லை. வில்மா அந்தக் கண்டத்தைத் தாண்டிய விதம் துணிச்சலானது. 1973-ல் ‘லிபாட், டார்னா, லிபாட்!’ படத்தில் பறக்கும் வீராங்கனை டார்னா ஆனார். டார்னாவும் ரவேலோ படைத்தவள்தான். ட்ரூடிஸை எழுதிய அதே பேனா அவளுக்குச் சிறகும் கொடுத்தது என்று நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. 1977-ல் செல்ஸோ ஆட் காஸ்தில்யோவின் ‘பர்லெஸ்க் குவீன்’. பிழைப்புக்காக மேடையில் உடலைக் காட்டி ஆடும் பெண் வேடம். பால்முகத்தை நேசித்தவர்கள் திடுக்கிட்டார்கள். மணிலா திரைவிழா அவருக்குச் சிறந்த நடிகை விருதைக் கொடுத்தது. மறு ஆண்டு லீனோ புரோக்காவின் ‘ரூபியா செர்வியோஸ்’. 1982-ல் இஷ்மயல் பெர்னாலின் ‘ரிலாஸ்யோன்’. மணமான ஒருவனோடு வாழும் பெண்ணின் நாள்களை மிகையின்றிக் காட்டிய படம். அந்த ஆண்டுக்கான நான்கு பெரிய விருதுகளும் ஒருவருக்கே போனது அதுதான் முதல் தடவை. 1984-ல், அதிபர் மார்க்கோஸின் ஆட்சி இன்னும் நீடிக்கையிலேயே, மைக் டி லியோனின் ‘சிஸ்டர் ஸ்டெல்லா எல்.’ படத்தில் வேலைநிறுத்தத் தொழிலாளர் பக்கம் போய் நிற்கும் கன்னியாஸ்திரீ ஆனார்.

1998 அவர் வாழ்வில் விசித்திரமான ஆண்டு. லுவால்ஹாதி பவுத்திஸ்தாவின் நாவலை சீட்டோ ரோன்யோ ‘பாத்தா, பாத்தா... பானோ கா கினவா?’ என்று படமாக்கினார். குழந்தையே, குழந்தையே, உன்னை எப்படிச் செய்தார்கள் என்று பொருள். வெவ்வேறு தகப்பன்களுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் தாயாக வில்மா நடித்தார். பிள்ளைகளாக நடித்த கார்லோ அக்கினோவும் செரினா டால்ரிம்பிளும் விருதுகளை அள்ளினார்கள். அதே ஆண்டில்தான் பத்தாங்காஸ் மாகாணத்தின் லிபா நகர மேயராக வில்மா தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நகரின் முதல் பெண் மேயர். ஒன்பது ஆண்டுகள் மேயர், 2007 முதல் 2016 வரை மாகாண ஆளுநர், பிறகு ஆறு ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினர், 2025 தேர்தலில் மறுபடி ஆளுநர். மக்கள் அவரை ‘ஆத்தே வி’ என்கிறார்கள். ஆத்தே என்றால் அவர்கள் மொழியில் அக்கா. இந்த வாழ்க்கையை வியக்காமல் இருக்க முடியாது. நான் வியக்கிறேன்.

ஆனால் இந்த வியப்பையே ஒரு வாதமாக மாற்றிக்கொள்கிறார்கள். “வில்மாவைப் பார், ஜூடி ஆனைப் பார், குழந்தையாக நடிக்க வந்தவர்கள் எங்கே கெட்டுப்போனார்கள்?” என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1963-ல் அந்த வரிசையில் வில்மாவுக்கு முன்னும் பின்னும் நின்ற சிறுமிகளின் கதை நமக்குத் தெரியாது. கரை சேர்ந்தவர் சொல்லும் கதையை மட்டும் கேட்டுவிட்டு ஆறு ஆழமில்லை என்று முடிவு கட்டக் கூடாது. வில்மாவைக் காப்பாற்றியது அவருடைய அசாத்தியத் திறமை, பிடிவாதம், சரியான வயதில் வாய்த்த பெர்னால், புரோக்கா போன்ற இயக்குநர்கள். குழந்தைகளை வேலைவாங்கிய அந்த ஏற்பாடு அவரைக் காப்பாற்றியதாக எந்தத் தடயமும் இல்லை.

ஜூடி ஆன் சாண்டோஸையே எடுத்துக்கொள்வோம். வில்மாவுக்கு உறவில்லை, குடும்பப்பெயர் மட்டும் ஒன்று. 1988-ல் ‘உலா’ என்ற தொடரில் காட்டுச் சிறுமியாக வந்தபோது அவருக்கு வயது பத்து. 1992-ல் ‘மாரா கிளாரா’ தொடங்கியபோது பதினான்கு. மருத்துவமனையில் மாறிப்போன இரண்டு குழந்தைகளின் கதை அது. மாரா நல்லவள், அழுபவள். க்ளாடிஸ் ரேயஸ் நடித்த கிளாரா அவளை அழவைப்பவள். தொடர் 1997 தொடக்கம் வரை ஓடியது. பதினான்கிலிருந்து பதினெட்டு வரை, ஒரு பெண் பள்ளிக்கும் தோழிகளுக்கும் தன் மனதுக்கும் இடையே தன்னைத் தேடிக் கண்டுபிடிக்கும் வருடங்கள் முழுவதும், ஜூடி ஆன் நாடு பார்க்க அழுதுகொண்டிருந்தார். அதிலிருந்தும் அவர் தேறி எழுந்தார். 2019-ல் பிரில்யாந்தே மெந்தோசாவின் ‘மிந்தனாவ்’ படத்துக்காகக் கெய்ரோ திரைவிழாவில் சிறந்த நடிகை ஆனார். அதில் அவருக்குப் புற்றுநோயுற்ற குழந்தையின் தாய் வேடம். அழுத சிறுமிகள் வளர்ந்து, அழும் சிறுமிகளின் தாய்களாக நடிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழில் தன்னைத் தானே இப்படிப் பெற்றெடுத்துக்கொள்கிறது.

இன்னொரு பெயரும் உண்டு. அவர் ஆண்பிள்ளை, ஆனாலும் அவரை விட்டுவிட்டு இந்தக் கணக்கை முடிப்பது நேர்மையாகாது. ஜிரோ மானியோ. 2003-ல் வந்த ‘மக்னிஃபிகோ’ படத்தில், வறுமையில் உழலும் குடும்பத்துக்குத் தன் சின்னக் கைகளால் உதவிசெய்யும் சிறுவனாக நடித்தார். பெரியவர்களோடு போட்டியிட்டு, சிறந்த நடிகருக்கான விமர்சகர்களின் உரியான் விருதைப் பெற்றார். 2015-ல் மணிலா விமான நிலையத்தில் போக்கிடம் இல்லாமல் சுற்றித்திரிந்த நிலையில் அவரைக் கண்டு நாடே கலங்கியது. போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை பெற்றார். பின்னாளில் அந்த உரியான் சிலையையே விற்றார். இதை நான் பழியாகச் சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து அழுத ஒவ்வொருவரும் அந்தப் பிள்ளைக்குக் கடன்பட்டவர்கள். அந்தக் கடனை வசூலித்துக் கொடுக்க எந்த ஏற்பாடும் அங்கே இல்லை.

கடன் என்றதும் பிலிப்பினோக்களின் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது: ‘உட்டாங் நா லோஒப்’. உள்ளத்தில் பட்ட கடன். நாம் நன்றிக்கடன், செஞ்சோற்றுக் கடன் என்கிறோமே, கிட்டத்தட்ட அது. பெற்று வளர்த்தவர்களுக்குப் பிள்ளை தீர்க்க முடியாத கடன் பட்டிருக்கிறது என்ற எண்ணம் அங்கே வேரோடிப் போயிருக்கிறது. அழகான எண்ணம்தான், அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கும்போது அந்த அழகு கோணலாகிவிடுகிறது. கடனைத் தீர்க்கும் வயது வரும் முன்பே தவணை கட்டச் சொல்லிவிடுகிறார்கள். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வீட்டில் ஒருவர் எங்கோ போய்ப் பாடுபட்டு மொத்தக் குடும்பத்தையும் தாங்குவது அந்த நாட்டில் அன்றாடக் காட்சி. கடல் கடந்து வேலை பார்ப்பவர்கள் ஆண்டுக்கு 3,000 கோடி டாலருக்கு மேல் ஊருக்கு அனுப்புகிறார்கள். 2000-ல் வில்மா நடித்த ‘அனாக்’ இந்த வலியைத்தான் சொன்னது. ஹாங்காங்கில் வீட்டுவேலை பார்த்துவிட்டுத் திரும்பும் தாயை, அவள் யாருக்காக உழைத்தாளோ அந்தப் பிள்ளைகளே அந்நியளாகப் பார்க்கிறார்கள். அம்மா ஹாங்காங் போகலாம் என்றால் மகள் ஏன் ‘டேப்பிங்’ எனப்படும் தொடர் படப்பிடிப்புக்குப் போகக் கூடாது? ஏழை வீட்டில் இந்தக் கேள்வி இயல்பாகவே எழும். எழும்போது ‘கூடாது’ என்று சொல்லவோ, ‘இவ்வளவுதான்’ என்று எல்லை போடவோ சட்டம் ஒன்றால்தான் முடியும்.

சட்டம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. 1987-ல் எழுதப்பட்ட குடும்பச் சட்டம், பிள்ளை உழைத்து ஈட்டியது பிள்ளையின் பராமரிப்புக்கும் படிப்புக்குமே செலவாக வேண்டும் என்று பழைய விதியைத் திருத்தியது. 1993-ன் சட்டம் பதினைந்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்து, திரைக்கும் தொலைக்காட்சிக்கும் நிபந்தனையோடு விலக்கு அளித்தது. முழு உருவம் கொண்டது 2003-ல் வந்த 9231-ஆம் எண் குடியரசுச் சட்டம். பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஒரு நாளில் 4 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. இரவு 8 மணிமுதல் காலை 6 மணிவரை கூடவே கூடாது. தொழிலாளர் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். வருமானம் குழந்தைக்கே சொந்தம். அதில் குடும்பத்தின் பொதுத் தேவைக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆண்டு வருமானம் 2,00,000 பெசோவைத் தொட்டால் அதில் குறைந்தது 30 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் அறக்கட்டளை நிதியாகப் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழிலாளர் துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பதினெட்டு வயதில் அது முழுக்க அந்தக் குழந்தையின் கைக்கு வரும்.

நல்ல சட்டம். அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்ற குழந்தை நடிகரின் சம்பாத்தியம் கரைந்துபோன பிறகு 1939-ல் கலிபோர்னியா இயற்றிய சட்டம் அதன் இன்றைய வடிவில் ஒதுக்கச் சொல்வது 15 சதவீதம்தான். பிலிப்பைன்ஸ் அதைப் போல இரு மடங்கு கேட்கிறது. ஆனாலும் இந்தச் சட்டத்தில் மூன்று ஓட்டைகள் எனக்குத் தெரிகின்றன. ஒன்றைவிட ஒன்று என்னை அதிகம் உறுத்துகிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் பெற்றோர். படப்பிடிப்புக்கு அழைத்துப்போபவர் பெற்றோர். சம்பளத்தை வாங்குபவர் பெற்றோர். முப்பது சதவீதத்தை ஒதுக்குபவர் பெற்றோர். ஒதுக்கினேன் என்று அரசுக்குக் கணக்கு எழுதுபவரும் அதே பெற்றோர்தான். பல வீடுகளில் மகளின் மேலாளரும் அவரே. எத்தனை நல்லவராக இருந்தாலும், வாடகைக்கு நாள் நெருங்கும்போது தன்னைத் தானே தணிக்கை செய்ய யாராலும் முடியாது. அவர் மீதுள்ள சந்தேகத்தால் சொல்லவில்லை, அவர் தோளில் ஏற்றிய சுமையைப் பார்த்துச் சொல்கிறேன். சம்பளம் கொடுக்கும் தொலைக்காட்சி நிறுவனமே அந்த முப்பது சதவீதத்தைப் பிடித்து நேராக வங்கியில் கட்டட்டும். தாய்க்கும் மகளுக்கும் நடுவே பணம் ஒரு வழக்காக வளராமல் இருக்க இதுவே வழி.

அடுத்து அந்த 2,00,000 பெசோ வரம்பு. நாயகிச் சிறுமிக்கு அது பொருந்தும். வகுப்பறைக் காட்சியில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருபது பிள்ளைகளில் எவருக்கும் பொருந்தாது. விளம்பரத்தில் ஒரு நாள் சிரித்துவிட்டுப் போகும் பிள்ளைக்கும் பொருந்தாது. யாருக்குக் குறைவாகக் கிடைக்கிறதோ அவர்களின் பணத்துக்குத்தான் காவல் குறைவு. அந்த வரிசையில் நின்று தேர்வாகாமல் திரும்பிய பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்றாவதாக, நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டத்தின் விதிமுறைகள், குழந்தை வேலையிடத்தில் இருக்க வேண்டிய நேரம் முழுவதையும் வேலைநேரம் என்றே கொள்கின்றன. மேக்கப் போட்டுக்கொண்டு காத்திருப்பதும் அதில் சேரும். தினத்தொடர் தயாரிப்பின் ஓட்டத்தில் இது எத்தனை கடினம் என்பதைப் பெரியவர்களின் நிலையே சொல்லும். 2016-ல் ஒரு வார இடைவெளியில் வென் தெராமாஸ், ஃபிரான்சிஸ் பாஸியோன் என்ற இரண்டு இயக்குநர்கள் மாரடைப்பில் இறந்தபோதுதான், விடிய விடிய நடக்கும் டேப்பிங் பற்றி ஊர் பேசியது. 2019-ல், தொண்ணூறு வயது நடிகர் எடி கார்சியா படப்பிடிப்புத் தளத்தில் கேபிள் தடுக்கி விழுந்து உயிரிழந்தார். வில்மாவை வைத்துப் படங்கள் இயக்கியவரும் அவர். அவர் பெயரிலான பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாக 2024 ஆயிற்று. பெரியவர்களின் உயிருக்கே ஐந்து ஆண்டு பிடித்த இடத்தில், ஒரு சிறுமியின் நான்கு மணி நேரத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணுவது யார்?

எண்ண வேண்டியவர்களில் பார்வையாளரும் உண்டு. 2009-ல் ‘மாய் புகாஸ் பா’, 2011-ல் ‘100 டேஸ் டு ஹெவன்’ என்று ஏழு வயதுப் பிள்ளைகளின் தோளில் ஏறி ஓடிய இரவுத் தொடர்களை நாடே கொண்டாடியது. 2013-ல் ஒரு சிறுமி காலைதோறும் உரையாடல் நிகழ்ச்சியையே நடத்தினாள். அவர்களின் கெட்டிக்காரத்தனம் மெய்யானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2011-ல் நடந்ததையும் மறக்க முடியவில்லை. ஒரு விளையாட்டு நிகழ்ச்சியில் ஆறு வயதுச் சிறுவன் கண்ணீர் வழிய வழிய, பெரியவர்களுக்கான ஆட்டத்தை மறுபடி மறுபடி ஆடினான்; அரங்கம் சிரித்தது. அந்த முறை மக்கள் கொதித்தார்கள், விளம்பரதாரர்கள் விலகினார்கள், நிகழ்ச்சி நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் கோபம் சரியானது. ஆனால் அது ஏன் அன்றைக்கு மட்டும் வந்தது? கதைக்குள் ஒரு பிள்ளை அழுதால் கலை, கதைக்கு வெளியே அழுதால் கொடுமை என்று நாம் கோடு போட்டுவைத்திருக்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கோடு தெரியுமா?

ஐந்து வயது என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். 2010-ல் ‘ட்ரூடிஸ் லீத்’ தொலைக்காட்சித் தொடராக மறுபிறவி எடுத்தது. புதிய ட்ரூடிஸ், ஜில்லியன் வார்ட். வில்மாவுக்கு அந்த வேடம் ஒன்பது வயதில் வந்தது. ஜில்லியனுக்கு ஐந்தில் வந்தது. நாற்பத்தேழு ஆண்டுகளில் அந்த நாட்டின் சட்டம் குழந்தையின் பக்கம் எவ்வளவோ நகர்ந்தது. ட்ரூடிஸின் வயது மட்டும் இறங்கியது. ஜில்லியன் நன்றாக வளர்ந்து, 2022 முதல் 2024 வரை ஓடிய ‘அபோத்-கமாய் நா பங்காரப்’ தொடரில் இளம் மருத்துவராக நாட்டின் அன்பைப் பெற்றார். அவர் இன்னும் உயரட்டும். அவருடைய வெற்றியையும் யாராவது வாதமாக எடுத்துக்கொண்டு வருவார்களோ என்றுதான் கவலை.

இப்போது கேமரா ஸ்டூடியோவைத் தாண்டி வந்துவிட்டது. 2020-ல் ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சி நிறுவனம் ஒளிபரப்பு உரிமத்தை இழந்து ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்த பிறகு, திறமையும் விளம்பரமும் யூடியூப், டிக்டாக் பக்கம் இன்னும் வேகமாகத் திரும்பின. படுக்கையறையில், சாப்பாட்டு மேசையில், அம்மாவின் போன் முன்னால் ஒரு பிள்ளை சிரிக்கிறது, குறும்பு செய்கிறது, அழுகிறது. வேறு எந்த ஊடகமானாலும் பொருந்தும் என்றுதான் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே டேப்பிங் நேரப் பட்டியல் இல்லை, அனுமதிச் சீட்டு கேட்க வரும் அதிகாரி இல்லை, இரவு 8 மணிக்கு விளக்கை அணைப்பார் இல்லை. ஸ்டூடியோப் பிள்ளைக்காவது வேலை முடிந்து போக ஒரு வீடு இருந்தது.

செரினா டால்ரிம்பிள் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. ‘பாத்தா, பாத்தா’வில் வில்மாவின் மகளாக வந்த அந்தச் சுட்டி, பேரும் புகழும் இருக்கும்போதே திரையிலிருந்து விலகினார். கல்லூரி முடித்தார், வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்தார், கேமராவுக்கு வெளியே ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். குழந்தை நட்சத்திரத்தின் வெற்றிக்கதை என்று கேட்டால் ஆளுநர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இதையும் வைப்பேன். ‘போதும்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடிந்ததே, அதற்குக் கையில் கொஞ்சம் பணமும் படிக்க நேரமும் வேண்டும். 4 மணி நேரமும் 30 சதவீதமும் எதற்காக என்றால், அந்தப் ‘போதும்’ என்ற சொல்லுக்காகத்தான்.

9231-ஆம் எண் சட்டத்தில் ஒரு சின்னத் தொடர் இருக்கிறது. குழந்தையின் ஒப்பந்தத்தைப் பெற்றோர் செய்துகொள்ளலாம், ஆனால் அந்தக் குழந்தையின் வெளிப்படையான சம்மதத்தோடு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, ‘முடிந்தால்’ என்று ஒரு சொல்லைப் பின்னால் சேர்த்திருக்கிறார்கள். பேசத் தெரியாத கைக்குழந்தைகளுக்காகச் சேர்த்திருக்கலாம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பேசத் தெரியும், வசனத்தையே மனப்பாடம் செய்து பேசுகிறது. மறுக்கவும் தெரியும். அந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லி ஒரு குரல் எழ வேண்டும். அந்தக் குரலுக்கு உரிமை உள்ளவர்களில் முதல் ஆள், ஒன்பது வயதில் அந்த வரிசையில் நின்றவர், ஆறு ஆண்டு நாடாளுமன்றத்தில் இருந்தவர், இன்று பத்தாங்காஸின் ஆளுநர். ஆத்தே வி கேட்டால் அந்த நாடு கேட்கும்.